ஒரு வாய்த் தண்ணீர்

ஜனவரி 6

என் பூனைக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் படித்த நாலு வகுப்பில் நினைவில் நிற்பது அது ஒன்றுதான். உன்னிடம் அதை எப்படிக் கேட்பேன்? அதனால் என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்கிறது.

நீ பஸ் நேரம் குறித்து வைத்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். காகிதத்தை வீணாக்குகிறாள் என்று திட்டாதே.

உன் சித்தி கடிதம் போட்டிருக்கிறாள். என்ன நடந்தது, விவரமாக எழுது என்கிறாள். அவளுக்குக் காது கேட்காது, போனில் பேச முடியாது. போனிலேயே எழுதி அனுப்பலாம் என்பார்கள். அந்த எறும்பு எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாது. பேனாவால்தான் எழுதியாக வேண்டும்.

என்ன எழுதுவது? பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்காருகிறவளுக்குக் குரல்தான் சோறு. மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்ச டாக்டர் கொடுத்த பழுப்பு பஃப் அந்தக் குரலைக் கரகரவென்று ஆக்கிவிட்டது. நாக்கில் வெள்ளை படிந்தது. "என்னம்மா, இன்னிக்குக் காக்கா அறிவிக்குதா?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். வந்து அழுதாய். இதுவரை எழுதிவிடலாம். இதற்குப் பிறகு நான் செய்ததை எப்படி எழுதுவது?

உன் கைப்பையிலிருந்து பழுப்பை எடுத்து என் பழைய துணிகளுக்கு அடியில் ஒளித்தேன். "அம்மா, என் பஃப்பப் பாத்தியா?" என்று கேட்டாய். "நான் எங்கடி பாத்தேன்?" என்றேன். பத்து நாளில் குரல் மணி மாதிரி ஆனது. "பாத்தியா, அந்த மருந்துதான் விஷம்" என்று பெருமையடித்தேன். நீயும் சிரித்தாய். மூச்சு முட்டினால் நீல பஃப் இருக்கிறதே என்று இருவரும் நினைத்தோம். இருபத்திரண்டாவது நாள் காலை, எட்டரை பஸ்ஸை அறிவித்துக்கொண்டிருந்தபோது பாதியில் உன் குரல் நின்றது. நீலம் கையில்தான் இருந்ததாம்.

சித்திக்கு இதை எழுதினால் எனக்கென்று மிச்சம் இருக்கிற ஒருத்தியும் போய்விடுவாள்.

அம்மா

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் உன் மகள் வாலும் சுகமா? உன் வீட்டுக்காரர் லாரியோடு திரும்பி வந்தாரா? உனக்குத் தையல் மிஷின் மிதித்துக் கால் வீங்கும் என்றாயே, இப்போது எப்படி?

நடந்ததைக் கேட்டிருந்தாய். பிள்ளைக்கு மூச்சுக்காகக் கொடுத்த பஃப்தான் அவளைக் கொண்டுபோய்விட்டது. முதலில் குரல் கட்டியது. பிறகு நாக்கில் வெள்ளை. நீலம் அடித்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மருந்து அடித்து அடித்தே உள்ளே கெட்டுப் போனாள். வேறு ஒன்றும் இல்லை. இதைப் பற்றி இனிமேல் கேட்காதே. என்னால் எழுத முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதிக்கொள்வது. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் கால் வீக்கம் கிடக்கட்டும். பள்ளி ஆண்டு விழாவுக்குள் முந்நூறு சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும், கால் வீங்கினால் என்ன, தலை வீங்கினால் என்ன.

உன் பிள்ளைக்காக வெட்டி வைத்த நீலச் சட்டைத் துணி இன்னும் என் மேஜையில் இருக்கிறது. தைப்பதா, மடித்து வைப்பதா என்று தெரியவில்லை. தினமும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.

அக்கா, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மிஷினில் உட்கார முடியவில்லை. உன்னிடம் சொல்லவில்லை, உனக்கே ஆயிரம் கவலை என்று விட்டுவிட்டேன். நம் வாலுக்கும் அதே மூச்சுத் தொல்லைதான். எட்டு வயதுக்குள் மூன்று முறை ஆஸ்பத்திரி. ஆறு மாதமாக அதே பழுப்பும் நீலமும் கொடுக்கிறேன். இப்போது அவள் நாக்கிலும் வெள்ளை. "ம்மா, என் குரல் தாத்தா குரல் மாதிரி இருக்காம், டீச்சர் சிரிக்கிறாங்க" என்று எழுதிக் காட்டினாள். நீலம் அடித்தால் பென்சில் பிடிக்கிற கை நடுங்குகிறது. நீ எழுதியதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

நிறுத்திவிடட்டுமா? பெற்ற பிள்ளையைக் கொடுத்துத் தெரிந்துகொண்டவள் நீ. டாக்டர் சொல்வதைவிட நீ சொல்வதைக் கேட்பேன். உடனே பதில் போடு.

உன் சின்னவள்

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே சலவைக் கூடத்தில் வேலை அதிகம். ஒரு பெரிய ஓட்டலின் விரிப்பெல்லாம் எங்களிடம் வந்துவிட்டது. கை ஊறி வெளுத்துக் கிடக்கிறது. மற்றபடி சுகம்.

வாலுக்கு என் முத்தம். மழையில் விடாதே. தலை துவட்டிவிடு.

மருந்தைப் பற்றிக் கேட்டாய். எதற்கும் டாக்டரை ஒரு தடவை கேளேன். நான் படிக்காதவள், எனக்கென்ன தெரியும்.

அந்த நீலச் சட்டையை வாலுக்குத் தைத்துவிடு.

உன் அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள். உன் கை எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவு.

டாக்டரைப் பார்க்க ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. போன தடவை என் முறை மூன்று தரம் கடந்து போய்விட்டது. உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "நிறுத்தாதே" என்று நீ ஒரு இடத்திலும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் என் அக்கா சொல்லியிருப்பாள் என்று முடிவு செய்தேன். பத்தாம் தேதியிலிருந்து பழுப்பை நிறுத்திவிட்டேன்.

அக்கா, நாக்கு ரோஜா மாதிரி ஆகிவிட்டது! குரலும் தெளிந்துவிட்டதாம். டீச்சர் பாட்டில் சேர்த்துக்கொண்டாராம். எல்லாம் உன் புண்ணியம். உன் பிள்ளை போய் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாள்.

சட்டையை வெட்டிச் சிறிதாக்கிவிட்டேன். போட்டுக்கொண்டு தெரு முழுக்க ஆடினாள்.

உன் சின்னவள்

பிப்ரவரி 25, காலை

பூனைக்குட்டி,

சித்தியின் கடிதம் நேற்று வந்தது. நின்றபடியே படித்தேன். பத்தாம் தேதி. நாக்கு தெளிந்தது. குரல் தெளிந்தது. உனக்கும் அப்படித்தானே ஆனது! எனக்கு நாள் எண்ணத் தெரியும். விரிப்பைப் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு நீ காட்டிக்கொண்ட மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே பஃப் சொல்லிக் கொடுக்கிற நர்ஸம்மா இருந்தாள்.

"யாருக்கும்மா?"

"தங்கச்சி பொண்ணுக்கு. பழுப்பு அடிச்சா நாக்குல வெள்ளை வந்துச்சு, குரல் கட்டுச்சு. நிறுத்தியாச்சு."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"வீட்டுல பெரியவங்க ஒருத்தங்க."

"அந்தப் பெரியவங்க டாக்டரா?"

"இல்லம்மா. துணி அலசுறவங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பஃப் அடிச்சதும் வாய் கொப்புளிச்சுத் துப்புறாளா குழந்தை?"

"எதுக்கும்மா கொப்புளிக்கணும்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. மருந்து போக வேண்டியது நெஞ்சுக்கு. வழியில நாக்குலயும் தொண்டையிலயும் கொஞ்சம் ஒட்டும். ஒட்டினதக் கழுவாம விட்டா வெள்ளை பூக்கும், குரல் கட்டும். ஒரு வாய்த் தண்ணி எடுத்துத் தொண்டை வரைக்கும் களகளன்னு கொப்புளிச்சுத் துப்பணும். பஃப் முனையில இந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி அடிச்சா ஒட்டுறதே குறையும். அப்பவும் சரியாகலன்னா டாக்டர் சொட்டு மருந்து குடுப்பாரு, அளவ மாத்துவாரு. நீங்களா நிறுத்தலாமா?"

"அதான் நீலம் இருக்கேம்மா?"

"நீலம், மூடின கதவத் தள்ளித் திறக்கும், அவ்வளவுதான். அதுல கை நடுங்கினா கொஞ்ச நேரத்துல நின்னுடும். உள்ள இருக்கிற வீக்கத்தக் குறைக்கிறது பழுப்பும்மா. அத நிறுத்தினா மொதல்ல ஒண்ணும் தெரியாது. குரல் கூட நல்லாயிடும். வீக்கம் மட்டும் சத்தமில்லாம ஏறிட்டே இருக்கும். எத்தன நாளாச்சு நிறுத்தி?"

"பதினஞ்சு நாள்."

"இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட உடனே காட்டச் சொல்லுங்க. ஏம்மா நிக்கிறீங்க? போங்க."

நீ மைக் முன்னால் உட்காரும் முன் அவசர அவசரமாக இரண்டு தடவை உறிஞ்சுவாய். நீ அறிவிக்கிற அந்தக் கண்ணாடி அறையில் தண்ணீர்க் குழாய் ஏது? ஒரு வாய்த் தண்ணீர், கண்ணே. வெறும் ஒரு வாய்த் தண்ணீர்.

இருபது வருடமாக நான் அலசல் தொட்டியில் நிற்கிறவள். கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு வந்தால் புதுப் பெண்கள் "தூள் சரியில்லக்கா" என்பார்கள். "தூள் மேல பழி போடாதீங்கடி, உங்க அலசல் பத்தல" என்று வாய் கிழியக் கத்துகிறவள் நான்தான். ஊரான் துணிக்குத் தெரிந்தது என் பிள்ளை நாக்குக்குத் தெரியவில்லை.

சித்திக்கு எழுதப் போகிறேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 25

சின்னவளே,

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பழுப்பை எடுத்து வாலுக்குக் கொடு. கொடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல். அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார். நெஞ்சுக்குள் பூனை கத்தினால் உனக்குக் கேட்காது, கைக்குத் தெரியும். கொஞ்சம் மாறுதலாகத் தெரிந்தாலும் வரிசை கிரிசை என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. மீதியைப் பிறகு படி.

நான் பொய் எழுதினேன். மருந்து அவளைக் கொல்லவில்லை. மருந்தை நிறுத்தியதால் போனாள். நிறுத்தியது அவள் இல்லை, நான். பையிலிருந்து திருடி ஒளித்தேன். அவள் கேட்டபோது பார்க்கவில்லை என்றேன். நாக்கு வெள்ளையும் குரல் கட்டியதும் வாய் கொப்பளிக்காததால் வந்தவை. அதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒளித்ததை அன்றைக்கே அறிவேன். நீ ஜனவரியில் கேட்டபோதும் அறிவேன். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று மழுப்பினேன்.

உன் வீட்டுக்காரர் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நானே பஸ் ஏறியிருக்கலாம். உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் காலுக்கு வரவில்லை. மகளோடு வேலை பார்த்த மீசை டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். உன் தெரு முனையில் பஸ்ஸை நிறுத்தி உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார். சாயங்காலம் ஐந்துக்குள் வந்துவிடும்.

ஒரு வரி போடு. "இருக்கிறாள்" என்று மட்டும் போடு.

அக்கா

மார்ச் 7

சின்னவளே,

சுகமா? வாலு சுகமா? டிரைவரைக் கேட்டேன். "அக்கா, கையில குடுத்துட்டேன். மொத வரி படிச்சாங்க, உள்ள ஓடிட்டாங்க. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும், பஸ்ல நாப்பது பேரு கத்துறான்" என்கிறார். பத்து நாளாகிறது.

தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தொட்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிற்கிறேன். "உங்களுக்கு இல்லம்மா, இருந்தா நான் என்ன தின்னுடவா போறேன்?" என்று அவரும் சலித்துக்கொள்கிறார்.

என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா

மார்ச் 20

சின்னவளே,

உன் வீட்டுக்காரர் நம்பர் அணைந்தே கிடக்கிறது. இரண்டு தடவை பஸ் நிலையம்வரை வந்தேன். ஒரு தடவை ஏறி உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் வந்ததும் இறங்கிவிட்டேன். அங்கே வந்து வாசலில் செருப்பு இரண்டு ஜோடிதான் கிடந்தால் என்ன செய்வேன்?

வாலு எப்படி இருக்கிறாள்?

அக்கா

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

வாலு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன். சாவகாசமாக மூச்சு விடு.

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் ஐந்து வாரம் ஆனது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அன்றைக்கு உன் கடிதம் வந்தபோது அவள் மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தின நாள் நாலைந்து தடவை நீலம் அடித்திருந்தாள். பாட்டுப் பயிற்சியில் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். நீ சொன்னபடி முதுகில் கை வைத்தேன். நூல் சிக்கின மிஷின் உதறுமே, அப்படி உதறியது. ஒரு சொல் கேட்டால் பாதிச் சொல்தான் அவள் உதட்டில் வந்தது. பழுப்பு வேலை செய்கிற வரை காத்திருக்கிற நிலைமையில் அவள் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆறு நாள் வைத்திருந்தார்கள். இரவு வரை விட்டிருந்தால் கைமீறியிருக்கும் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன்.

அக்கா, உன் கடிதம் என் பிள்ளையைக் காப்பாற்றியது. உன் கடிதம்தான் அவளை அங்கே தள்ளியது. இரண்டையும் சேர்த்துத் தைக்க எனக்குத் தெரியவில்லை. ஜனவரியில் கேட்டேனே! ஒரு வரி போட்டிருந்தால் ஆகாதா? நீ ஒளித்ததற்காக நான் உன்னை வெறுக்கவில்லை. நாக்கு வெள்ளையைப் பார்த்தால் நானும் ஒளித்திருப்பேன். நிறுத்தாமலா விட்டேன்? என் பிள்ளையைவிட என் கோபம் உனக்குப் பெரிதாகப் போனதே, அதுதான் ஆறவில்லை.

இப்போது வராதே. கடிதம் போடு. வாங்கிக்கொள்வேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த குழாயை மாட்டித்தான் பழுப்பைக் கொடுக்கிறேன். வெள்ளை இல்லை. வாலு கீழே ஏதோ கிறுக்க வேண்டுமாம்.

தங்கை

பெரியம்மா நான் தினம் ரெண்டு வேளையும் கொப்புளிச்சு ஜன்னல் வழியா துப்புறேன். ஒரு தடவ எதிர் வீட்டு மாமா தலையில விழுந்துச்சு. அவரு மழைன்னு நெனச்சுக் குடை எடுக்கப் போனாரு. அம்மாகிட்ட சொல்லாதீங்க.

ஏப்ரல் 16

பூனைக்குட்டி,

வாலு இருக்கிறாள். சித்தி "உன்" என்று எழுதாமல் வெறும் "தங்கை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். போடட்டும். இருக்கிறாள் என்று வந்ததே, அது போதும். எதிர் வீட்டு மாமா கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு முதல் சிரிப்பு. தொட்டியில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நேற்று உன் சூப்பர்வைசர் சலவைக் கூடத்துக்கே வந்தார். பஸ் நிலையத்தில் இனி மெஷின்தான் அறிவிக்குமாம். உன் கண்ணாடி அறையைப் பிரிக்கிறார்களாம். "மெஷினுக்கு உங்க பொண்ணு குரல் வராதும்மா. அன்னிக்கு நான் காக்கான்னு சொன்னது..." என்று நிறுத்தினார். எனக்கே சொல்லத் தெரியாதபோது அவர் என்ன சொல்வார்? உன் மேஜை இழுப்பறையில் இருந்தது என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சீப்பு. பாதித் தொண்டை மிட்டாய். ஒரு கர்சீப். அதற்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி. புதுப் பழுப்பு பஃப். மருந்துக்கடைச் சீட்டு அதோடு சுற்றியிருந்தது. தேதியைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடமும் படிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நீ போவதற்குப் பதினோரு நாள் முன்னால்.

பெட்டியின் ஒட்டு கிழியவில்லை.

ராத்திரி முழுக்கவும் இன்றைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். நான் ஒளித்ததோடு கதை முடிந்தது என்று இத்தனை நாள் இருந்தேன். நீ போய் வாங்கியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. கை எட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறாய். பதினோரு காலை அந்த இழுப்பறையைத் திறந்து மூடியிருக்கிறாய்.

ஏன்டி பிரிக்கவில்லை? குரல் மறுபடி போய்விடும் என்றா, இல்லை, அம்மா விஷம் என்றாளே என்றா?